ஐம்பத்தெட்டாவது ஆள்

அம்மா இரவு படுக்கப் போகும்முன் பல் செட்டைக் கழற்றி, தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குவளையில் போட்டு, மேலே ஒரு சின்னத் தட்டால் மூடி, படுக்கைக்குப் பக்கத்து முக்காலியில் வைப்பார். மேல் வரிசை மட்டும்தான். இடது ஓரத்தில் ஒரு பல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும். ஒருமுறை கீழே விழுந்து உடைந்தபோது ரவாங்கில் ஒரு பல் டாக்டரிடம் கொடுத்து மாற்றியது. அது எந்த ஊரில், எந்த மண்ணில் கிடந்தாலும், இது என் அம்மாவுடையது என்று என்னால் சொல்லிவிட முடியும். 2019 டிசம்பரிலிருந்து, அந்தக் குவளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனிதரின் ஞாபகம் வருகிறது. ரெய்னால்டோ மோமாய். பிலிப்பைன்ஸின் மிண்டனாவ் தீவில் உள்ளூர்ப் பத்திரிகைக்குப் படம் எடுத்துக் கொடுத்தவர். வயது 61. அவருடைய பல் செட்டுக் கிடைத்தது. உடல் கிடைக்கவில்லை. அதனால் அவர் கொல்லப்பட்டார் என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை.

அவர் தொலைந்துபோன மகிண்டனாவ் மாகாணப் படுகொலையைப் பற்றி எங்கள் ஊரில், மலேசியாவின் இந்தப் பத்தாங்காலியில், என்னைத் தவிர யாரும் பேசி நான் கேட்டதில்லை. பேசவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. எனக்கு அது ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் நான் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். மாதச் சம்பளம் கிடையாது, வருகிற செய்திக்கு இத்தனை வெள்ளி என்று கணக்கு. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா, சாலை விபத்து, யாருக்காவது சிவப்பு அடையாள அட்டைப் பிரச்சினை, இவைதான் என் செய்திகள். மோமாயும் அவரோடு போனவர்களில் பெரும்பாலோரும் இப்படிப்பட்ட சிற்றூர் நிருபர்கள்தான். போர்முனைக்குப் போனவர்கள் இல்லை. ஒருவர் வேட்புமனு கொடுப்பதைப் படம் எடுக்கப் போனவர்கள்.

2009 நவம்பர் 23, திங்கட்கிழமை. அம்பாத்துவான் குடும்பம் அந்த மாகாணத்தைக் கைக்குள் வைத்திருந்த காலம். அவர்களை எதிர்த்து ஆளுநர் பதவிக்கு நிற்க வந்தவர் எஸ்மாயில் மங்குடாடாத்து. நேரில் வந்தால் உயிர் இருக்காது என்று மிரட்டல் வந்ததால், மனைவியையும் சகோதரிகளையும் மனுவோடு அனுப்பினார். பெண்கள்மேல் கை வைக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை. கூடவே பத்திரிகைக்காரர்களும் போனார்கள். அவர்கள் இருந்தால் இன்னும் பாதுகாப்பு. வழியில் ஆயுதக் கூட்டம் ஒன்று அந்த வண்டிகளை மறித்து, மலைச்சரிவுக்கு ஓட்டிப்போய் எல்லாரையும் சுட்டது. செத்தது 58 பேர். அதில் 32 பேர் ஊடகக்காரர்கள். சம்பந்தமே இல்லாமல் அதே சாலையில் வந்த வண்டிக்காரர்களும் அதில் உண்டு.

“பத்திரிகைக்காரங்க இருந்தா” என்ற பேச்சை நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அதே ஆண்டு, சில மாதங்களுக்கு முன்னால், பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்து வீடுகளை உடைக்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது. வீடமைப்புத் திட்டத்துக்கு நிலம் கைமாறியிருந்தது. அங்கிருந்த ஒரு அண்ணன் போன் பண்ணி, “தம்பி, நீங்க வந்து சும்மா நின்னாப் போதும். கேமராவக் கழுத்துல மாட்டிக்கிட்டு நில்லுங்க. பேப்பர்காரங்க இருந்தா அவனுங்க கை வைக்கமாட்டானுங்க” என்றார். போனேன். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றரை வரை நின்றேன். புல்டோசர் ஓட்டி வந்த பையன் இஞ்சினை நிறுத்திவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொண்டான். பெண்கள் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. ஒரு பாட்டி எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்து குளித்து, செய்தி எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, நான் இல்லாத ஒரு நாளில் வந்து உடைத்துவிட்டுப் போனார்கள். அது வேறு கதை. நவம்பரில் மிண்டனாவ் செய்தியைப் படித்தபோது என் கண்ணில் நின்றது அந்தக் காலைதான். அவர்களும் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போயிருப்பார்கள். நின்றால் போதும் என்று யாரோ அவர்களிடமும் சொல்லியிருப்பார்கள்.

அப்போதிலிருந்து அந்த வழக்கைத் தொடர்ந்து படித்தேன். பத்து வருடம்.

எண்ணிக்கை

வழக்கில் பெயர் சேர்க்கப்பட்டவர்கள் 197 பேர். போலிஸ்காரர்களும் அதில் இருந்தார்கள். மிண்டனாவில் வைத்து விசாரித்தால் நியாயம் கிடைக்காது என்று மணிலா பக்கம் கொண்டுபோனார்கள். முதலில் வழக்கு ஒதுக்கப்பட்ட நீதிபதி விலகிக்கொண்டார். அடுத்து அது ஜோஸலின் சோலிஸ்-ரேயஸ் என்ற பெண் நீதிபதியிடம் வந்தது. 2010 ஏப்ரலில், தேர்தலுக்குச் சில வாரம் முன்பு, அப்போது நீதித்துறைச் செயலாளர் பொறுப்பில் இருந்த அல்பர்ட்டோ அக்ரா, குற்றம் சாட்டப்பட்ட குடும்பத்தின் இரண்டு பேரை வழக்கிலிருந்து விடுவிக்கச் சொல்லி உத்தரவு போட்டார். அரசாங்க வழக்கறிஞர்களே அதை எதிர்த்து வெளிப்படையாகக் குரல் கொடுத்தார்கள். அடுத்த மாதம் அவர்களில் ஒருவரான ஸால்டி அம்பாத்துவான் விஷயத்தில் அவர் தன் உத்தரவை மாற்றினார். அந்த ஸால்டிக்குத்தான் 2019-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. அன்று எதிர்க்க ஆள் இல்லாமல் இருந்திருந்தால் அவர் நீதிமன்றப் படியே ஏறியிருக்கமாட்டார்.

சாட்சிகள் ஒவ்வொருவராகப் போனார்கள். சுவைப் உபாஹாம் என்பவர் துப்பாக்கி பிடித்துக் கூட்டத்தோடு நின்றவர், உண்மையைச் சொல்ல முன்வந்தவர். சாட்சிப் பாதுகாப்புக் கேட்டுக் காத்துக்கொண்டிருந்தபோதே 2010 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். எஸ்மாயில் எனோக் சாட்சி சொல்லிவிட்டுக் காணாமல் போனார், 2012-இல் அவர் உடல் துண்டு துண்டாகச் சாக்கில் கிடைத்தது. டென்னிஸ் சாக்கால் 2014 நவம்பரில், சாட்சி சொல்லத் தயாராக இருந்த நிலையில் வழிமறித்துக் கொல்லப்பட்டார். இவர்களை அந்த 58-இல் யாரும் சேர்ப்பதில்லை. நான் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.

பக்கம் பக்கமாக மனுக்கள். ஒவ்வொரு குற்றவாளிக்கும் தனித்தனி ஜாமீன் விசாரணை. குடும்பத்தின் தலைவரான தகப்பன், ஆண்டால் அம்பாத்துவான் சீனியர், தீர்ப்புக்கு நான்கு வருடம் முன்பே, 2015-இல், காவலில் இருக்கும்போதே நோயில் செத்துப்போனார். அதே வருடத் தொடக்கத்தில் அவர் மகன்களில் ஒருவருக்கு ஜாமீன் கிடைத்தது. ஒரு கொலைக்கு 2,00,000 பெசோ வீதம், மொத்தம் 1 கோடியே 16 லட்சம். இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 58 கொலைக்குத்தான் அந்தத் தொகை வரும். ஜாமீன் பணம் வாங்கும்போது மோமாய் எண்ணிக்கையில் இருந்தார்.

2019 டிசம்பர் 19, வியாழக்கிழமை. காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தீர்ப்பு 761 பக்கம். முக்கியக் குற்றவாளிகள் 28 பேருக்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. உடந்தையாக இருந்த 15 பேருக்குக் குறைந்த ஆண்டுகள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் விடுதலை. ஜாமீனில் வந்த அந்த மகனும் விடுதலை. ஏறத்தாழ 80 பேர் இன்னும் பிடிபடவே இல்லை. இருந்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஊரில், அந்தக் குடும்பத்துக்கு எதிராக, இவ்வளவு பயமுறுத்தலுக்கு நடுவில் ஒரு நீதிபதி பத்து வருடம் உட்கார்ந்து இதைச் செய்து முடித்தார் என்றால் அது பெரிய காரியம். அம்மாவிடம் போய், “தண்டனை கொடுத்துட்டாங்கம்மா” என்றேன். அப்புறம் திரும்பி வந்து படித்தபோதுதான் அந்த எண் கண்ணில் பட்டது. 57.

அம்மா கேட்டது

மோமாய் அன்று அங்கே இறந்தார் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 57 குடும்பங்களுக்கு நஷ்டஈடு, மோமாய் குடும்பத்துக்கு இல்லை. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் அதைச் சொன்னேன். அம்மாவுக்கு அப்போது 77 வயது, பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, ரசம் ஊற்றிக்கொண்டே, “பல் செட்டு அவரோடதுதான்னு வீட்டுல உள்ளவங்க சொன்னாங்களா?” என்றார். சொன்னார்கள் என்றேன். “அப்ப அவரு இல்லாம பல் செட்டு மட்டும் எப்படி அங்க போவும்?” என்றார். பிறகு சாப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். அந்த இரவில் அம்மா தன் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அடுத்த நாள்தான் உறைத்தது.

தாத்தா சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்குப் போனவர். 1943-இல், ஜப்பான்காரன் காலத்தில், கோலகுபு பாரு பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்திலிருந்து ரயில் போடுகிற வேலைக்கென்று லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். அம்மா அப்போது தொட்டில் குழந்தை. 415 கிலோமீட்டர் தண்டவாளம். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் போனார்கள். காலரா, பட்டினி, அடி, காடு. போனவர்களின் பட்டியல் சரியாக எங்கும் இல்லை, செத்தவர்களின் பட்டியல் அதைவிட இல்லை. தாத்தா எந்தக் கேம்ப்பில், எந்த மாதத்தில் போனார் என்று சொல்ல ஒரு ஆளும் திரும்பி வரவில்லை.

பாட்டி பொட்டை அழிக்கவில்லை. தாலியையும் கழற்றவில்லை. 1988-இல் சாகும்வரை. சொந்தக்காரர்கள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். “பொணத்தப் பாக்காம பொட்ட எப்படிடா அழிக்கிறது?” என்று கேட்பார். திதி கொடுக்கவும் விடமாட்டார். எழுபதுகளில் ஒருமுறை விதவைக்கான உதவித்தொகை கேட்டுப் பாட்டியை ஒரு அலுவலகத்துக்கு அம்மா கூட்டிப்போயிருக்கிறார். கிராணி முதலில் பாட்டியின் நெற்றியைப் பார்த்தார், அப்புறம் “சிஜில் மத்தி அடா?” என்று கேட்டார். இறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? பாரத்தில் கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று அவர் எழுதிக்கொண்டார். அம்மா அதை என்னிடம் சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தில் குரல் மாறிவிடும். “எங்கப்பா விட்டுட்டுப் போகலடா. இழுத்துக்கிட்டுப் போனாங்க.”

2014-இல் ஒரு பயணக் குழுவோடு அம்மாவை காஞ்சனபுரிக்கு அழைத்துப்போனேன். அங்கே நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 பேருக்கு. புல் வெட்டி, பூச்செடி வைத்து, வரிசை வரிசையாகச் சின்ன வெண்கலத் தகடுகள். தகட்டில் பெயர், வயது, படைப்பிரிவு. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கச் சொன்னார். ஒரு வரிசை முழுக்கப் படித்தேன். “நம்மாளு பேரு ஒண்ணும் வரலையே” என்றார். இது சிப்பாய்களுக்கு மட்டும் என்றேன். “அப்ப நம்மாளுங்க எங்க இருக்காங்க?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் சுள்ளென்று அடித்தது. நான் குடையை விரித்து அவர் தலைக்குமேல் பிடித்தேன். அதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

மண்வெட்டி

தீர்ப்பு வந்த புதிதில் என் கோபமெல்லாம் அந்த நீதிபதிமேல்தான் இருந்தது. என் பாட்டியிடம் சான்றிதழ் கேட்ட கிராணியையும் அவரையும் நான் ஒன்றாகப் பார்த்தேன். ஆனால் அந்த நினைப்பு என்னிடம் நிலைக்கவில்லை. ஐயம் இருந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு என்பது நம்மைப் போன்ற ஏழைகளுக்கும் பாதுகாப்பான சட்டம். காவலில் அடி வாங்கிச் செத்த எத்தனை தமிழ்ப் பையன்களைப் பற்றி நான் செய்தி எழுதியிருக்கிறேன். ஆதாரம் இல்லாமல் ஒருவனைக் குற்றவாளி ஆக்காதே என்று எழுதிய கை, இங்கே மட்டும் ஆதாரம் குறைந்தாலும் பரவாயில்லை என்று எழுதலாமா? இந்த இடத்தில் நான் பல மாதம் சிக்கிக்கொண்டு கிடந்தேன்.

என்னை அதிலிருந்து வெளியே எடுத்தது ஒரு சவக்குழி. தோட்டம் ஒன்று தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி, ஆனபோது, அதன் பழைய இடுகாட்டை வேறு இடத்துக்கு மாற்ற வந்தார்கள். குத்தகைக்காரர் பேக்ஹோ கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அந்தத் தோட்டத்தில் முன்பு மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக, இருந்த ஒருவர், எண்பது வயதுக்காரர், இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். “மெசின விட்டா யாரு எலும்பு யாரோடதுன்னு தெரியாது. மண்வெட்டிதான். இல்லன்னா வேலைய நிறுத்து” என்றார். கடைசியில் மண்வெட்டிதான். முழங்கால் ஆழத்துக்கு மேல் கையால் மண்ணை அள்ளினார்கள். ஒரு குழியிலிருந்து ஒரு பித்தளை வளையல் வந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர் அதை வாங்கித் துடைத்துப் பார்த்து, “எங்க அத்தையோடது” என்றார். வளையலும் எலும்பும் ஒரே துணியில் கட்டப்பட்டு ஒரே பானைக்குள் போயின. நான் படம் எடுத்தேன்.

மிண்டனாவில் அந்த மலைச்சரிவில் இருந்ததும் பேக்ஹோதான். கொலைக்கு முன்பே குழி தோண்டக் கொண்டுவந்தது. ஆளுநரின் பெயர் அதன் பக்கத்தில் எழுதியிருந்தது. உடல்களை வண்டிகளோடு சேர்த்து அமுக்கி மண்ணை மூடினார்கள். பிறகு உடல்களை வெளியே எடுக்க வந்தவர்களும் முதல் நாட்களில் பேக்ஹோவை விட்டுத்தான் தோண்டினார்கள். எந்த உடல் எந்த அடுக்கில் கிடந்தது, அதன் பக்கத்தில் என்ன இருந்தது, எந்தப் பொருள் யாருடைய கைக்கு அருகில், எதுவும் முறையாகப் பதிவாகவில்லை. தடயத்தைக் கையாண்ட விதத்தைத் தடயவியல் ஆட்கள் அப்போதே குறை சொன்னார்கள். ஒரு பல் செட்டு மண்ணோடு மண்ணாக வந்து தனியாக விழுந்தால், அது யாருடைய தாடையிலிருந்து, எந்த இடத்தில் விழுந்தது என்று பத்து வருடம் கழித்து ஒரு நீதிபதி எப்படிக் கண்டுபிடிப்பார்? மோமாய் தொலைந்தது 2019 டிசம்பரில் இல்லை. 2009 நவம்பரில், அந்த முதல் இரண்டு மூன்று நாளில், மண்வெட்டி எடுக்க யாருக்கும் பொறுமை இல்லாத அந்த நேரத்தில்தான் அவர் தொலைந்தார். வழக்கு நடத்துவது என்றால் வழக்கறிஞர் வாதம், சாட்சிக் கூண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது குழியில் இறங்குகிற முதல் ஆளின் கையில் ஆரம்பிக்கிறது.

எங்கள் ஊர்ப் பெயரே இதற்குச் சாட்சி. 1948 டிசம்பர் 11, 12 தேதிகளில் இங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் 24 சீனத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓடினார்கள், சுட்டோம் என்றார்கள். ஒழுங்கான விசாரணை நடக்கவில்லை. 1970-இல் அந்தச் சிப்பாய்களில் சிலர், ஓடினவர்களைச் சுடவில்லை, நிறுத்தி வைத்துத்தான் சுட்டோம் என்று ஒரு பத்திரிகைக்கு வாக்குமூலம் கொடுத்தார்கள். லண்டன் போலிஸ் விசாரிக்க ஆரம்பித்தது. ஆட்சி மாறியது. மலேசியாவுக்கு வந்து ஒரு ஆளைக்கூட விசாரிக்காமல் அதை நிறுத்தினார்கள். 2015-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகளில் நான்கு பேரின் முடிவாக, குடும்பங்களின் மனுவைத் தள்ளியது. உலு யாமில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது, சீனர்கள் முன்னோர் கல்லறைகளைக் கும்பிடுகிற சிங் மிங் சமயத்தில் அந்தப் பக்கம் போனால் ஊதுபத்தி வாசனை வரும். அங்கேயும் முதல் நாள் குறிப்பு எடுக்கவேண்டியவர்கள் எடுத்திருந்தால் அந்த முதியவர்கள் லண்டன்வரை போயிருக்க வேண்டாம்.

மோமாய் குடும்பத்தார் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். பத்திரிகையாளர்கள் ஒவ்வொரு நவம்பர் 23-ஆம் தேதியும் 58 என்றுதான் சொல்கிறார்கள், 58 என்றுதான் எழுதுகிறார்கள். தீர்ப்பு வந்த வாரம் நானும் எங்கள் நாளிதழுக்கு ஒரு சிறு கட்டுரை அனுப்பினேன். மறுநாள் 57 என்று அச்சாகி வந்தது. ஆசிரியர் பிரிவுக்குப் போன் பண்ணினேன். “தீர்ப்புல 57-ன்னுதானே இருக்கு, தம்பி?” என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பு இல்லை. தீர்ப்பை 57 என்று போடுங்கள், செத்தவர்களை 58 என்று போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அடுத்த நவம்பரில் அப்படியே போட்டார்கள்.

இரண்டு வருடம் முன்பு, சயாம் போனவர்களின் பெயர்களைத் திரட்டுகிற தன்னார்வலர்கள் சிலர் கோயில் மண்டபத்துக்கு வந்தார்கள். தமிழிலேயே ஒரு பாரம் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெயர். தகப்பனார் பெயர். தோட்டம். போன ஆண்டு. லயத்து எண்கூட அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது, பாட்டி சொல்லிச் சொல்லி. கடைசிக் கேள்வி, “திரும்பினாரா?” என்று இருந்தது. சான்றிதழ் கேட்கவில்லை, தேதி கேட்கவில்லை. நான் படித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“இல்லைன்னு போடு” என்றார்.

போட்டேன். பாரத்தை என் பக்கம் மடிக்கப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார். “இரு, கையெழுத்து நான் போடுறேன்” என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.